நாலு பேருக்கு உலை

அந்தப் பிள்ளையின் வாய் இருக்கிறதே, அதைத் திறக்கவைக்கச் சாம்பல்தீவில் ஆளில்லை. ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. கீழே இரண்டு பல்லும் முளைத்தாயிற்று. பல்லுக்கொழுக்கட்டை அவித்துத் தலையில் கொட்டின அன்றைக்கு, முன்னால் பரப்பியிருந்த சாமான்களில் ஒன்றையும் தொடாமல், மடியில் விழுந்த கொழுக்கட்டையை நக்கிக்கூடப் பார்க்காமல், பிணக்கு விசாரிக்க வந்த விதானையார் மாதிரிக் குந்திக்கொண்டிருந்தது. பார்க்க வந்த பெண்கள் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு சுருக்காகப் புறப்பட்டுப் போனார்கள்.

பெயர் புவனம். இரத்தினத்தின் தலைப்பிள்ளை. தாய்ப்பால் நன்றாக இருந்திருந்தால் யார் கவலைப்படப் போகிறார்கள்? அதுதான் இல்லையே. ஆவணி மாதம் முழுக்க நடுக்கற் காய்ச்சலில் கிடந்து, கொயினாக் குளிசை விழுங்கி விழுங்கி, இரத்தினத்துக்குப் பால் வற்றிப்போனது. புருசன் பாலசிங்கம் கரைவலையில் கிடைக்கிற பங்கை விற்காமல் பால்சுறாவாகப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தான். சுறாவை அவித்து, முள் நீக்கி, உள்ளியும் மிளகும் போட்டு வறுத்து, மச்சாளுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடவைத்தாள் அண்ணன் பெண்சாதி சிவபாக்கியம். பால் என்னவோ ஊறவில்லை.

சரி, பிள்ளைக்கே ஏதாவது கொடுப்போம் என்று தொடங்கினார்கள். குரக்கன் மாவை வெள்ளைத் துணியில் வடித்துப் பனங்கற்கண்டு போட்டுக் காய்ச்சினார்கள். துப்பியது. கதலிப்பழத்தைக் கரண்டியால் சுரண்டி நாக்கில் தடவினார்கள். துப்பியது. பயற்றம்மாக் களி, மரவள்ளிக்கிழங்கு மசியல், நேவி முகாமில் உடுப்புத் தோய்க்கிற ஒருத்தி முந்தானைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த டின்பால் எல்லாம் போன வழி அதுதான். எல்லாம் இனிப்பு. முதற்சோறு தீத்துகிறவரைக்கும் பிள்ளை வாயில் அரிசியும் படக்கூடாது, உப்பும் படக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம்.

முதற்சோற்றைத் தாய்மாமன்தான் தன் கையால் பிள்ளைக்கு ஊட்டித் தீத்தவேண்டும். இரத்தினத்துக்கு இருப்பது ஒரே அண்ணன், யோகலிங்கம். சிவபாக்கியத்தின் புருசன். ஆறாம் மாதம், ஆடியில் தீத்தியிருக்கவேண்டிய சோறு, இப்போது புரட்டாதி முடியப்போகிறது. மாமன் வந்தபாடில்லை.

மாமன் எங்கே என்றால், அதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லமாட்டார்கள்.

பங்குனிக் கடைசியில், வருடப்பிறப்புக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, விடிந்து கொஞ்ச நேரத்தில் யப்பான்காரன் வந்து திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டான். யோகலிங்கம் அங்கே தட்டைப் படகுகளுக்குத் தார் பூசுகிற வேலை. அன்றைக்கு இருட்டோடு போனவன். சீனக்குடா எண்ணெய்த் தாங்கி நாட்கணக்கில் எரிந்தது. ஊரே காட்டுக்குள் ஓடி, பிறகு ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பியது. ஓவசியரிடம் போய்க் கேட்டால் செத்தவர் பட்டியலில் யோகலிங்கத்தின் பெயர் இல்லை. இருக்கிறவர் பட்டியலிலும் இல்லை. அவன் தார் பூசிய படகில் ஒரு பலகைகூட மிஞ்சவில்லை என்று மட்டும் சொன்னார்கள்.

"படகு போனால் ஆளும் போனதெண்டு அர்த்தமோ?" என்று சிவபாக்கியம் கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். அன்றைக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடின துறைமுகத் தொழிலாளிகள் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஆனியில்கூட வந்து சேர்ந்தார்களே. ஆடியில், தயிர் கொண்டுவருகிற குறிஞ்சாக்கேணி ஆதம்பாவா வேறு, கட்டைபறிச்சானில் வயல்வேலைக்கு வந்த ஆட்களுக்குள் யோகலிங்கத்தின் சாடையில் ஒருவனைக் கண்டதாகச் சொன்னார். அது போதாதா? சிவபாக்கியம் பொட்டையும் அழிக்கவில்லை, தாலியையும் கழற்றவில்லை. செத்தவருக்குச் செய்கிற எட்டுச்செலவும் இல்லை, முப்பத்தொன்றாம் நாள் சடங்கும் இல்லை.

தாய் தகப்பன் இல்லாதவள் அவள். பிள்ளையும் இல்லை. ஊர்வழக்கத்துக்கு மாறாகக் கட்டினவன் வீட்டுக்கே குடிவந்தவள். அவன் இல்லையென்றாகிவிட்டால் அந்த வீட்டில் தனக்கு என்ன பெயர் என்று அவளுக்கே தெரியவில்லை.

கூப்பன் அரிசிக் காலம். சோறு ஒரு நேரம்தான், பின்னேரத்தில். அரிசி களையுமுன் இரத்தினம் குசினி வாசலில் நின்று தினமும் கேட்பாள்.

"மச்சாள், எத்தினை பேருக்கு?"

"நாலு பேருக்கு."

வீட்டில் சோறு தின்கிறவர்கள் மூன்று பேர். நாலாவது பங்கு நீலக்கரை போட்ட எனாமல் தட்டில், யோகலிங்கம் வேலையால் வந்து காலை நீட்டிக்கொண்டு இருக்கிற விறாந்தை மூலையில் வைக்கப்படும். இரவு சுளகால் மூடி, மறுநாள் காலையில் தண்ணீர் ஊற்றிச் சிவபாக்கியமே குடிப்பாள். கட்டினவனின் மிச்சம் கட்டினவளுக்கு. வேறு யாரும் தொடக்கூடாது.

காகமும் தொடக்கூடாது. முக்கியமாகக் காகம். தட்டை வைத்த நேரத்திலிருந்து இருட்டும்வரைக்கும் கிளுவந்தடியோடு பக்கத்தில் குந்தியிருப்பாள். காகம் ஒரு வாய் கொத்திவிட்டால் அது செத்தவருக்குப் படைத்த சோறாகிவிடுமல்லவா? குண்டு விழுந்த பிறகு ஊரில் காகமே இல்லாமல் போயிருந்தது. வைகாசியில் திரும்பிவந்த நாள் தொட்டு அவை பின்னேரத்தில் இந்த வீட்டு வேலியில்தான். பத்துப் பன்னிரண்டு வரிசையாக இருக்கும். கத்தாது. சண்டை பிடிக்காது. தடியை ஓங்கினால் பறக்கவும் பறக்காது. தட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாத சங்கதி பிள்ளைதான்.

பின்னேரம் துறைமுகத்தில் வேலை விடுகிற சங்கு ஊதும். சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் அந்தச் சத்தம் சாம்பல்தீவுக்கு நன்றாகக் கேட்கும். கேட்டதும் புவனம், எங்கே கிடந்தாலும், விறாந்தை மூலையைப் பார்த்துத் திரும்பும். தாய் மூன்று பேர் பலத்தோடு திறக்கப்பார்த்தும் திறக்காத வாய் தன்பாட்டில் திறக்கும். திறந்து, மூடி, சப்பி, விழுங்கும். ஒன்றுமில்லாத வாயில் எதை விழுங்குகிறது? தொண்டை ஏறி இறங்குவது கண்ணால் தெரியும். பிறகு மறுபடி ஆவென்று திறக்கும். நாலைந்து தரம். முடிந்ததும் சிரிக்கும்.

அந்தப் பிள்ளை சிரிப்பது அந்த நேரத்தில் மட்டும்தான். அழுவதைக்கூட மறந்து ஒரு மாதமாயிற்று. மற்ற நேரமெல்லாம் கைகால் சூம்பி, கண் மட்டும் பெரிதாகிக் கிடக்கும்.

"மச்சாள், ஒருக்கா மணந்து பாருங்கோ" என்று ஒருநாள் இரத்தினம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "வாயில தார் மணக்குது."

சிவபாக்கியம் மணந்து பார்த்தாள்.

"துறைமுகத்துக் காத்தடி. வீடு முழுக்கத்தான் மணக்குது" என்றாள்.

சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் ஒரு பாடு அழுதாள். ஏனென்றால் ஒரு விசயம் அவளுக்கு மட்டும் தெரியும். மாசியிலும் பங்குனியிலும் இரத்தினம் குளிக்கப் போகிற நேரம் பார்த்து, யோகலிங்கம் மூலையில் இருந்து உப்புக்கஞ்சி குடித்துக்கொண்டே, தார் போகாத சுட்டுவிரலைக் கஞ்சியில் தோய்த்துப் பிள்ளையின் வாயில் வைப்பான். பிள்ளை சப்புக்கொட்டும். "கள்ளி, மாமன்ர விரலையே திண்டுடுவாள் போல" என்று சிரிப்பான். "இரத்தினத்துக்குச் சொல்லிப்போடாதை. ஆடியில கோயிலில வைச்சுச் சட்டப்படி தீத்துவம்." மூன்று மாதப் பிள்ளைக்கு, காலம் வருமுன், அரிசியும் உப்பும். அந்தக் குற்றம்தான் அவனைக் கொண்டுபோனதோ என்று நினைத்து, நினைத்த வாயை மூடி, ஆறு மாதமாக யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

பாலசிங்கம் பொறுமைசாலி. ஆனால் பெற்றவன்.

"தங்கச்சி," என்றான் ஒருநாள் சிவபாக்கியத்தைப் பார்த்து, வலைக்கயிறு அறுத்த உள்ளங்கைக்குத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு. "கோவியாதை. பிள்ளைக்குச் சோறு குடுத்துப் பாப்பமே. மச்சான் வரேக்க திருப்பி ஒருக்காத் தீத்தட்டும்."

"முதற்சோறு ரெண்டுதரம் தீத்திறதோ அண்ணை? அவர் வந்து என்னட்டக் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"அவர் வரேக்க பிள்ளை இருக்கவேணுமே."

"வருவார் எண்டுறன். ஆதம்பாவா நானா கண்டவர்தானே!"

பாலசிங்கம் எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டான். அண்ணன் செத்தான் என்று சொல்ல இரத்தினத்துக்கு மட்டும் நா எழும்புமா?

அப்படியே போயிருக்கும். தவழத் தொடங்கின பிள்ளை கெடுத்தது. ஒரு பின்னேரம் சங்கு ஊதியது. சிவபாக்கியம் வேலிப்பக்கம் தடியை ஓங்கிவிட்டுத் திரும்புகிறாள், புவனம் எலும்பும் தோலுமான கையை ஊன்றி ஊன்றி மூலைக்குப் போய்விட்டது. தட்டுக்குள் கைவைத்து ஒரு பிடி சோற்றை அள்ளிவிட்டது. வாயும் திறந்துவிட்டது.

"ஐயோ!" என்று பாய்ந்து அந்தக் கையில் ஒரு அடி போட்டாள். சோறு சிதறியது. போதாததற்குப் பிள்ளையின் விரலிடுக்கில் ஒட்டியிருந்த பருக்கைகளைத் தன் சேலையால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். அடிபட்ட பிள்ளை அழவில்லை. அவள் தோளுக்கு மேலால் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

குசினி வாசலில் இரத்தினம் நின்றாள்.

"ஏன் மச்சாள் அடிச்சனீங்கள்?"

"அது… அவற்ற சோறல்லோ."

"ஓம். அண்ணையின்ர சோறுதான். மாமன்ர தட்டில மருமகள் கைவைச்சால் என்ன?" இரத்தினம் குரலை உயர்த்தவேயில்லை. "ஒன்பது மாசத்தில இண்டைக்குத்தான் என்ர பிள்ளை தானாச் சாப்பாட்டை அள்ளினது. உயிரோட இருக்கிற மனிசன்ர சோறெண்டால், ஏன் மச்சாள் தட்டிவிட்டனீங்கள்? ஏன் விரலைத் துடைக்கிறியள்?"

செத்தவருக்குப் படைத்ததைப் பால்குடிப் பிள்ளைக்குக் கொடுத்தால், படைக்கப்பட்டவர் பிள்ளையைக் கையோடு கூட்டிப்போவார். இது அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். சிவபாக்கியத்தின் கைக்கும் தெரிந்திருக்கிறது. ஆறு மாதமாக வாய் ஒன்று சொல்ல, கை வேறொன்றை நம்பிக்கொண்டிருந்திருக்கிறது. சிதறின சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினாள்.

மறுநாள் காற்று மாறிவிட்டது. சோளகம் போய், வாடை தொடங்கினதுக்கு அடையாளமாகக் கடல் கலங்கி இரைந்தது. காலையிலேயே ஆதம்பாவா தயிர்ச் சட்டிகளோடு வந்து படலையடியில் நின்றார். அறுபது வயது மனிசன். குடாவைத் தோணியில் கடந்து, பட்டணத்திலிருந்து நடந்து வந்த களை.

"புள்ளைக்கு எப்பிடிக்கா இரிக்கி?" என்றார். இரத்தினத்தின் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்ததும் சட்டியை இறக்கிவைத்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டார். "யா அல்லாஹ். போன கிழமையக்குள்ள இந்தளவு வாடிப் பெய்த்தே. தயிர்ல மேலால ஏட்டை எடுத்து ஒரு சொட்டு வெச்சிப் பாருங்களன்."

வைத்துப் பார்த்தார்கள். துப்பியது.

இரத்தினம் பிள்ளையைக் கழுவக் கிணற்றடிக்குப் போனதும் ஆதம்பாவா தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தை மறுபடியும் துடைத்தார்.

"மகள், ஒரு கதை சொல்லோணும். ஆடியில நான் ஒனக்கிட்டச் சொன்னன் பாரு, கட்டைபறிச்சான்ல…"

"சொல்லாதேங்கோ நானா."

"இல்ல மகள், ராவு ராவா நித்திர இல்ல எனக்கு. நீ அழுதிட்டுக் கெடந்த கெடைல…"

"தெரியும் நானா. அண்டைக்கே தெரியும். தலை வழிச்சு வாரி, வெள்ளைச் சாரம் கட்டிக்கொண்டு நிண்டவர் எண்டனீங்கள். அவர் சுருட்டைத் தலையர். வழிச்சு வார ஏலாது." சிவபாக்கியம் தயிர்ச்சட்டியின் விளிம்பில் வழிந்திருந்ததை விரலால் துடைத்தாள். "எனக்கு ஒரு கதை வேண்டியிருந்தது. நீங்கள் தந்தனீங்கள். உங்களில ஒரு பிழையுமில்லை."

கிழவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் அழவில்லை. அன்றைக்குத் தயிருக்கு அவர் காசு வாங்காமல் போனார்.

பின்னேரம் இரத்தினம் குசினி வாசலுக்கு வந்தாள். முதல்நாள் கேட்ட கேள்விக்குப் பிறகு இருவரும் பேசவில்லை. என்றாலும் உலை வைக்கவேண்டுமே.

"எத்தினை பேருக்கு?"

"நாலு பேருக்கு. அதோட இன்னொரு சின்னச் சட்டியில ஒரு கை அரிசி குழைய வேகட்டும். உப்புப் போட்டு."

"உப்போ?"

"ஓம். கஞ்சியை வடியாதை."

சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்த் தலையோடு நாலு வாளி வார்த்தாள். ஈரச்சேலையோடு வந்து நீலக்கரைத் தட்டில் சோறு போட்டு, பொரித்த சூடைமீன் இரண்டு வைத்து மூலைக்குக் கொண்டுபோனாள். கிளுவந்தடியை எடுக்கவில்லை. வேலியில் காகங்கள் வரிசையாக வந்திருந்தன. கரைவலை இழுத்துவிட்டு ஏறிவந்த பாலசிங்கம் படலைக்குள் கால்வைத்தவன் அங்கேயே நின்றுவிட்டான். அவள் நெற்றியில் பொட்டு இல்லை.

வாடைக் காற்றில் துறைமுகத்துச் சங்கு அன்றைக்கு ஒருவருக்கும் கேட்கவில்லை. பிள்ளைக்குக் கேட்டது. தாயின் இடுப்பிலிருந்து மூலையைப் பார்த்துத் திரும்பியது. வாயை ஆவென்று திறந்தது. தொண்டை ஏறி இறங்கியது. காற்று கடலிலிருந்து வீசுகிறது, வீட்டுக்குள் தார் மணக்கிறது. இந்தத் தடவை துறைமுகத்தைச் சாட்ட வழியில்லை.

சிவபாக்கியம் தட்டைத் தூக்கி முற்றத்தில் வைத்தாள். வேலியைப் பார்த்து நின்றாள்.

"கா… கா… கா…"

கரையில் இரண்டாவது வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களின் அம்பாப் பாட்டு நின்றது. அடுத்த வளவில் மா இடித்துக்கொண்டிருந்த உலக்கை நின்றது. மாதக்கணக்காகக் காகம் விரட்டினவள் காகத்தைக் கூப்பிடுகிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று ஊருக்குத் தெரியாதா?

ஒரு காகமும் வரவில்லை. அசையவேயில்லை. பிள்ளை வாயைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தது. உதடெல்லாம் நீலம் பூத்துக்கொண்டு வந்தது.

"கா… கா…" தொண்டை கிழியக் கூப்பிட்டாள். பிறகு சட்டென்று திரும்பி மூலையைப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்கோ. நான்தான் உங்களைப் போக விடேல்லை. என்னில பிழை. அவளுக்கு விரலில கஞ்சி வைச்சதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இப்ப சொல்லிப்போட்டன், எல்லாரும் கேட்டிட்டினம். நீங்கள் தீத்தினது போதும். இனி நான் தீத்துறன். உங்கட பங்கு முத்தத்தில இருக்கு. சாப்பிட்டிட்டுப் போங்கோ." முற்றத்துப் பக்கம் கையைக் காட்டினாள். "போங்கோப்பா."

வேலியின் கடைசியில் இருந்த காகம் ஒன்று இறங்கியது. தத்தித் தத்தி வந்து தட்டின் கரையில் நின்று, அவளை ஒருக்கால் பார்த்து, ஒரு வாய் சோற்றைக் கொத்தியது. பிறகு மற்றவை எல்லாம் இறங்கின. மாதக்கணக்காகக் கத்தாத காகங்கள் கத்திய கத்தலில் பேச்சுக் கேட்கவில்லை.

அந்தச் சத்தத்துக்கு மேலால் இன்னொரு சத்தம் கேட்டது. புவனம் அழுதது. வாயை அகலத் திறந்து, கண்ணை இறுக மூடி, கைகாலை உதறி, பசிக்கு அழுதது.

"குடுங்கோ மச்சாள், கெதியாக் குடுங்கோ!" என்று இரத்தினம் பிள்ளையை நீட்டினாள்.

சிவபாக்கியம் பின்வாங்கினாள். "நான் எப்பிடியடி? இப்பத்தானே நான்… பொட்டழிச்ச கையால முதற்சோறோ? அண்ணை தீத்தட்டும்" என்று பாலசிங்கத்தைக் காட்டினாள்.

"முதற்சோறு அண்ணை அப்பவே தீத்தியாச்செண்டு நீங்கள்தானே சொன்னியள்," என்றாள் இரத்தினம், அழுகையும் ஆத்திரமுமாக. "இது ரெண்டாம் சோறு. ஆர் தீத்தினால் என்ன? என்ர அண்ணன்ர பாதி நீங்கள்தானே. இருங்கோ மூலையில!"

மூலையில் இருந்தாள். நிலம் சூடாக இருந்ததாகப் பிறகும் சொல்லுவாள். குழைந்த சோற்றுக் கஞ்சியில் சுட்டுவிரலைத் தோய்த்து ஊதி, பிள்ளையின் நாக்கில் வைத்தாள். உப்புப் பட்டதும் அழுகை நின்றது. அவள் முகத்தைப் பார்த்தது. தோளுக்கு மேலாலும் இல்லை, பின்னாலும் இல்லை, நேராக அவள் முகத்தை. அந்த இரண்டு பல்லாலும் விரலை இறுக்கிக் கடித்துக்கொண்டு சப்பத் தொடங்கியது. பாலசிங்கம் படலையைப் பிடித்துக்கொண்டு குழந்தைமாதிரி அழுதான். சட்டி வெறுமையாக அரைமணி நேரம் எடுத்தது.

இருட்டுமுன் நீலக்கரைத் தட்டைச் சாம்பல் போட்டுக் கழுவிக் கவிழ்த்தாள். தாலியை அமாவாசைக்குக் கோணேசர் மலைக்கரைக் கடலில் விடுவதென்று பேசினார்கள். மலை இருக்கிற கோட்டைக்குள் பட்டாளம் விடாது, கரையில் நின்றுதான் செய்யவேண்டும் என்றான் பாலசிங்கம். சரி என்றாள். அன்று இரவு அவள் அழுத அழுகைக்கு ஊர் முழுக்க வந்து இருந்தது. ஆறு மாதம் பிந்தின செத்தவீடு.

மறுநாள் பின்னேரம் இரத்தினம் சுளகில் அரிசியோடு வந்து குசினி வாசலில் நின்றாள். கேட்கவும் பயம், கேட்காமல் விடவும் பயம். பார்த்துக்கொண்டே நின்றாள்.

சிவபாக்கியம் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். மடியில் கிடந்த புவனம் அகப்பைக் காம்பைக் கடித்துக்கொண்டிருந்தது.

"என்ன பாக்கிறாய்?" என்றாள் நிமிராமலே. "நாலு பேருக்குத்தான். போடு."